வங்கிக் கிளைக்குப் புது சாஃப்ட்வேர் வருகிறதா? முதலில் ஒரு நாள் கவுன்டருக்குப் பின்னால் உட்காருங்கள்

ஊழியர்களைப் புது சாஃப்ட்வேருக்குப் பழக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், பயிற்சித் தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அவர்கள் வேலையைப் பாருங்கள். ஒரு கணக்கு திறக்க எத்தனை திரை மாறுகிறார்கள், எதை இரண்டு தடவை அடிக்கிறார்கள், எதை நம்பாமல் தனி நோட்டில் எழுதி வைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "இதனால் என் வேலையில் எது குறையும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தகவல் தொழில்நுட்ப ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்விலும், ஒரு கருவி சுலபமாக இருப்பதைவிட வேலைக்கு உதவும் என்ற நம்பிக்கைதான் அதன் பயன்பாட்டோடு அதிகம் ஒட்டிவந்தது. அதனால் 'ரொம்ப ஈஸி' என்று சொல்லிக்கொண்டிருக்காமல், அந்த நோட்டு இனி தேவைப்படாது என்பதைச் செய்து காட்டுங்கள்.

அப்புறம் பயம். வயதானவர்களுக்கு இதெல்லாம் வராது என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். தப்பான கணக்குக்குப் பணம் போய்விட்டால் என்ட்ரி போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும், எதிரே வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அந்த நேரத்தில் தெரியாத திரையைத் தொட இருபத்தைந்து வயதுக்காரருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். நிஜப் பணம் இல்லாத டெஸ்ட் சிஸ்டம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் வேண்டுமென்றே தப்பு என்ட்ரி போடச் சொல்லி, அதை ரிவர்ஸ் செய்யவும், செக்கர் (என்ட்ரியைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவர்) திருப்பி அனுப்பினால் சரிசெய்யவும் பழக்குங்கள். இதற்கான நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

மேலாளரும் முதல் நாளே தன் லாகினில் வேலை செய்ய வேண்டும். இதே துறை ஆய்வாளரான விஸ்வநாத் வெங்கடேஷும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டிய இடங்களில் சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு ஆரம்பத்தில்தான் எடுபடும், அனுபவம் கூடக்கூட மங்கிவிடும். மேலாளர் பழைய திரையிலேயே இருந்தால் மற்றவர்களும் அங்கேயேதான் இருப்பார்கள்.

மாதக் கடைசியிலும் கணக்கு முடிக்கும் சமயத்திலும் தொடங்காதீர்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டினால் வேலை இரட்டிப்பாகும், பழையதை மூடும் தேதியை முன்பே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் கூப்பிட்டவுடன் வர ஒருவர் கிளையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது வாரம் மறுபடி கவுன்டருக்குப் போங்கள். யார் மேசையில் இன்னும் அந்த நோட்டு திறந்திருக்கிறதோ, அவரிடம் எந்தத் திரையில் சிக்குகிறது என்று கேட்டு, அதையே பயிற்சியில் முதலில் எடுங்கள்.