மண்ணிலிருந்து எடுத்த பழைய இரும்பை இனங்காணும் முறை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பழைய பண்ணைகளிலும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முகாம்கள் இருந்த தனியார் நிலங்களிலும், உரிமையாளரின் அனுமதி பெற்று மெட்டல் டிடெக்டருடன் தேடுவோருக்கு இரும்பே அதிகம் அகப்படும். துரு ஏறிய இரும்பின் வெளித்தோற்றம் நம்பத்தக்கதல்ல. ஆகவே அது என்ன பொருள் என்று ஊகிப்பதற்கு முன், எவ்வாறு செய்யப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் மண்ணை மட்டும் மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். சுத்தியலால் தட்டித் துருவை உதிர்க்க வேண்டாம். கொல்லர் பட்டறையில் அடித்துச் செய்த தேனிரும்பு துருப்பிடிக்கும்போது, அதனுள் இருக்கும் கசடு இழைகளின் வழியாகப் பிளந்து, உளுத்த மரத்தைப் போல நீளவாக்கில் வரிவரியாகத் தெரியும். உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த வார்ப்பிரும்பில் இந்த வரிகள் இரா. உடைந்த இடம் பொடிமணிகளாக இருக்கும், பல நேரங்களில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும் தென்படும்.

காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவுவது, பலரும் தூக்கி எறிந்துவிடும் ஆணிதான். கையால் அடித்த ஆணியின் தண்டு சதுரமாக இருந்து, நான்கு பக்கமும் ஒடுங்கி முனைக்குச் செல்லும். தலையில் சுத்தியல் அடிகள் பட்டை பட்டையாகப் பதிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய எந்திர ஆணி, இரும்புத் தகட்டிலிருந்து வெட்டப்பட்டது என்பதால், இரண்டு பக்கங்கள் மட்டும் ஒடுங்கி மற்ற இரண்டும் இணையாக நிற்கும். முனை மழுங்கலாக இருக்கும். இன்று நாம் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி அங்கே 1890-களில்தான் வெட்டு ஆணியை விஞ்சியது. துருவின் பருமனால் சதுர ஆணியும் உருண்டையாகத் தோன்றலாம். உடைந்த முனையின் குறுக்குவெட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஐயம் தீரும். ஆனால் பழைய ஆணிகளை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது என்பதால், ஓர் ஆணி 'இந்த இடம் என் காலத்துக்கு முந்தையதாக இராது' என்று மட்டுமே சொல்லும்; ஒரே குழியில் கிடைத்த பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே சரி.

லாடங்களில் குழப்பம் குறைவு. காற்புள்ளி வடிவில் வளைந்த தட்டையான துண்டு கிடைத்தால், அதை உடைந்த குதிரை லாடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்: பிளவுபட்ட குளம்புக்கு இரண்டிரண்டாக அடிக்கப்படும் மாட்டு லாடம் அது, நம் ஊர் வண்டி மாடுகளுக்கு அடிப்பதைப் போன்றதே.

உருண்டைகளிடம்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. 12 பவுண்டு எடையுள்ள குண்டை எறியும் பீரங்கியின் சிதறுகுண்டுப் பெட்டியில் சுமார் 1.5 அங்குல விட்டமுள்ள 27 திண்ம இரும்பு உருண்டைகள் இருந்தன. அரைவை ஆலைகளின் உருண்டைகளும் ஏறக்குறைய அதே அளவில் கிடைப்பதால், அளவு பொருந்துவதை மட்டும் வைத்து முடிவுக்கு வரலாகாது, கிடைத்த இடமும் ஒத்துவர வேண்டும். அதே பீரங்கியின் திண்மக் குண்டு சுமார் 4.52 அங்குலம். ஆனால் ஏறத்தாழ அதே அளவில் வெடிமருந்து நிரப்பிய உள்ளீடற்ற குண்டுகளும் இருந்தன. அவற்றை வெடிக்கச் செய்யும் திரிக்கான துளையில் செருகிய மரக்கட்டை மக்கி, மண்ணும் துருவும் அடைத்துக்கொண்டால், துளையே கண்ணுக்குத் தெரியாது. நனைந்து காய்ந்தாலும் கருமருந்து வீரியம் இழந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. 2008-இல் வர்ஜீனியாவிலேயே அத்தகைய குண்டைச் சுத்தம் செய்தவர் அது வெடித்து உயிரிழந்தார். எனவே பெரிய உருண்டையையோ கூம்பு வடிவ எறிகுண்டையோ கண்டால் தூக்கி எடை பார்க்காமல், துளையிடாமல், விலகி நின்று காவல்துறையை அழையுங்கள்.

தேசியப் பூங்காத் துறையின் போர்க்களங்களில் டிடெக்டரைப் பயன்படுத்துவதே சட்டப்படி குற்றம். அனுமதியுள்ள நிலத்திலும், தோண்டிய ஆழத்தையும் உடன் கிடைத்தவற்றையும் அங்கேயே எழுதி வையுங்கள். மண்ணின் உப்பு இரும்புக்குள் ஊறியிருந்தால், உலர்ந்த பின் பழுப்பு நீர்த்துளிகள் கசிந்து மேற்பரப்பு அடுக்கடுக்காக உதிரும். ஆணித்தலையின் சுத்தியல் தடங்கள் முதலில் அழிவது அப்போதுதான் என்பதால், எடுத்த அன்றே அளவுகோலை அருகில் வைத்து எல்லாப் பக்கமும் படமெடுத்துவிடுங்கள்.