கிராம சபையில் ஒரு வாறுகால் கேட்டு வாங்குவது எப்படி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், ஒரு குளத்துக்குக் கீழே இருக்கிறது. தாமிரபரணி வெள்ளம் எங்களைத் தொடவில்லை. ஆனாலும் கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர் ஐந்து நாள் நின்றது. தெருத் தண்ணீர் ஓடைக்குப் போக வழியில்லை. தெருத் தண்ணீரை வடிக்கும் கால்வாயான வாறுகால் பாதி தூரத்தில் முடிந்துபோயிருந்தது. அம்மா கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றினாள். இலையில் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்ததால், அந்த வாரம் கொண்டுபோன பீடியில் பாதியைக் கடையில் கழித்துவிட்டார்கள்.

மிச்ச வாறுகாலைக் கிராம சபையில் கேட்டு வாங்க எனக்கு மூன்று கூட்டம் ஆனது. கேட்கும் விதம் தெரிந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே முடிந்திருக்கும். மகளிர் குழுவில் பன்னிரண்டு வருஷமாகத் தீர்மான நோட்டு எழுதுகிறேன். அப்படிப்பட்ட எனக்கே ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பிந்தித்தான் புரிந்தது. உங்கள் தெருவுக்கு அவ்வளவு காலம் ஆகவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் கேட்கும் பொருள் யாருடையது என்று பாருங்கள். இதில் தவறினால் ஒரு வருஷம் வீண். தெருவிளக்கு பல்பு, தெருக்குழாய், மேல்நிலைத் தொட்டி, வாறுகால், குப்பை, ஊருக்குள் இருக்கும் தெரு ஆகியவை ஊராட்சியின் வேலை. கம்பம் சாய்ந்தால், கம்பி தொங்கினால் மின்வாரியம். ஊருக்கு வரும் பெரிய சாலை ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கும், இல்லையென்றால் நெடுஞ்சாலைத் துறையுடையது. குளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. பட்டா, ஆக்கிரமிப்பு எல்லாம் விஏஓ, தாசில்தார் பக்கம். மற்றத் துறை விஷயத்தையும் கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம். 'இன்ன துறையைக் கேட்டுக்கொள்கிறது' என்று எழுத வேண்டும். எங்கள் ஊரில் குளத்து மடை பழுதை நான்கு வருஷம் தலைவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் இல்லாத வேலைக்கு அவரோடு சண்டை போட்டதுதான் மிச்சம்.

இன்னொன்று. கிராம சபை ஊராட்சிக்குத்தான். சேரன்மகாதேவி, பத்தமடை போன்ற பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

அடுத்தது எந்தக் கூட்டம் என்பது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள் முன்பே உண்டு. மார்ச் 22 தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் இரண்டையும் 2022-இல் சேர்த்தார்கள். ஆக வருஷத்துக்கு ஆறு. வேலை கேட்கப் போகிறீர்கள் என்றால் அக்டோபர் 2-ஐ விடாதீர்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்குப் பட்டியல் எடுக்கும் இயக்கம் அன்றைக்குத்தான் தொடங்கும். அதில் ஏறாத வேலைக்குப் பிறகு பணம் தேடுவது பெரும்பாடு.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு தர வேண்டும். எங்கே கூடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல் வளாகத்தில் கூட்டக் கூடாது; ஒரே இடத்தில் கூட்டாமல் சுற்றுமுறையில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் வைக்க வேண்டும் என்பது அரசு சொல்லியிருக்கும் முறை. இது சின்ன விஷயமில்லை. கோயில் முன்னால் கூட்டினால் எங்கள் ஊரில் இரண்டு தெருக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்றபடிதான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு மாற்றிய பிறகுதான் அந்தப் பெண்கள் எங்களோடு பாயில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் பேசினார்கள். உங்கள் ஊரில் இடம் சரியில்லை என்றால், எதைக் கேட்பதற்கும் முன்னால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

ஆள் எண்ணிக்கை இல்லாமல் கூட்டம் செல்லாது. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வேண்டும். எங்கள் தெருவிலிருந்து முதல் கூட்டத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம். மூன்றாவது கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர். பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரு காலை நேரம் போனால் அந்த அளவுக்குக் கூலி போச்சு. அதனால் வீட்டுக்கு ஒருவர் என்று பேசிவைத்தோம். வராதவர்கள் வந்தவர்களுக்கு இலை வெட்டிக் கொடுத்தார்கள்.

இனி மனு. என் பிழைகளெல்லாம் இதில்தான் நடந்தன.

2024 ஜனவரி 26 கூட்டத்தில் எழுந்து நின்று, 'கீழத்தெருவுக்கு வாறுகால் வேணும்' என்று வாயால் கேட்டேன். எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். பிறகு நோட்டைப் பார்த்தால், 'கீழத்தெரு பொதுமக்கள் கோரிக்கை குறித்து ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது' என்று இருந்தது. வாறுகால் என்ற சொல்லே இல்லை. ஆகஸ்ட் 15-க்கு எழுதிக் கொடுத்தேன். வாறுகால் என்ற சொல் ஏறியது. ஆனால் ஒன்றியத்திலிருந்து வந்த ஓவர்சியர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. 'எங்கம்மா தொடங்குது, எங்க முடியுது? இடையில இருக்கது புறம்போக்கா, பட்டாவா?'

அதற்குப் பிறகுதான் அளந்தோம். கொத்தனார் மாமாவின் டேப்பை வாங்கிக்கொண்டு, நானும் பக்கத்து வீட்டு மதினியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினோம். பழைய வாறுகால் நிற்கும் மூலையிலிருந்து ஓடைக் கரை வரை 62 மீட்டர். நடுவில் ஒரு வேம்பு, ஒரு வீட்டுக் குளியலறைத் தண்ணீர் விழும் குழி, கடைசியில் உடைமரம் அடர்ந்த இடம். சர்வே எண்ணுக்குத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் நிலம் யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்தோம். செல்போனிலேயே எடுக்கலாம், வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் பத்து நிமிஷ வேலை. 62 மீட்டரில் கடைசித் துண்டு ஒரு பெரியம்மாவின் பட்டாவுக்குள் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன்.

'எம்புட்டு போகும்?'

'மூணடி அகலம், பெரியம்மா. பின்வாசப் பக்கம்.'

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மழைக்கு என் ஆடு ரெண்டும் செத்துச்சே, அதுக்கு இது தேவலை' என்று சொல்லி, சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வைத்தார். தூரத்து ஊரில் இருக்கும் அவர் மகனிடமும் போனில் பேசிச் சொல்லிவிட்டோம். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாதி வேலைகள் பட்டாக்காரர் மறிப்பதால்தான் நிற்கின்றன. ஓவர்சியர் வந்து கேட்டால் கோபம் வரும்; பக்கத்து வீட்டுப் பெண் முன்கூட்டியே வந்து கேட்டால் வழி பிறக்கும்.

ஆக மனுவில் இருக்க வேண்டியவை: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர், சர்வே எண், எத்தனை வீட்டுக்குப் பயன், இப்போது என்ன கஷ்டம், பட்டா இருந்தால் சம்மதம். ஒரு பக்கம் போதும். ஒரு மனுவில் ஒரு வேலை மட்டும். வாறுகாலையும் தெருவிளக்கையும் ரேஷன் கடையையும் ஒன்றாக எழுதினால் மூன்றுக்கும் சேர்த்து 'ஆவன செய்யப்படும்' என்று ஒரே வரி வரும். இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்கு நாலு நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

கூட்டத்தில் பேசும்போது சுருக்கமாகப் பேசுங்கள். எதைச் சொன்னாலும் முடியாது என்று குறுக்கே விழும் ஆள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. நம் திருநெல்வேலிப் பக்கத்து மானூரில், ஏறக்குறைய 1,200 வருஷம் முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் யார் உறுப்பினராகலாம் என்று விதி சொல்லும் கல்வெட்டு அது. வரும் யோசனை எல்லாவற்றுக்கும் 'அன்று அன்று' என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். உத்திரமேரூர் கல்வெட்டுக்கும் நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்கள்தான் உட்காரலாம். இன்றைக்கு ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் பீடிக்காரி, ஆடு மேய்ப்பவர், எல்லாருமே சபை. அதை நினைத்தால் எனக்கு எழுந்து நிற்க ஒரு தெம்பு வரும். குறுக்கே பேசுபவரோடு மல்லுக்கு நிற்காமல், கையில் இருக்கும் அளவையும் படத்தையும் எடுத்து எல்லாரும் பார்க்கக் கொடுத்துவிடுங்கள். முப்பது பேர் கையில் படம் சுற்றி வந்தபிறகு எங்கள் கூட்டத்தில் மறுப்பு தானாக அடங்கிவிட்டது.

இப்போது மிக முக்கியமானது: கையெழுத்து. பல ஊர்களில் உள்ளே நுழையும்போதே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தீர்மானம் பிறகு எழுதப்படும். வருகைக்கான கையெழுத்து என்றால் மேலே தேதியும் 'வருகைப் பதிவு' என்ற தலைப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வெறும் பக்கத்தில் போடாதீர்கள். கூட்டம் முடியும்போது, ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். அக்டோபர் 2-இல் நான் கேட்டேன்.

'அண்ணாச்சி, எழுதினதை ஒருவாட்டி வாசிங்க.'

'அப்புறமா எழுதிக்கிடலாம்மா, நேரமாச்சு.'

'நாங்க இருக்கோம். எழுதுங்க.'

யாரும் எழுந்து போகவில்லை. கிளார்க் அண்ணன் அங்கேயே எழுதினார். 62 மீட்டர், சர்வே எண், பட்டாதாரர் சம்மதம் எல்லாம் வரிசையாக ஏறியது. வாசித்தபோது மீட்டர் அளவில் ஒரு எண் மாறியிருந்தது, திருத்தச் சொன்னோம். பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போனோம். நோட்டில் என்ன ஏறியதோ அதற்குத்தான் மதிப்பீடு போடுவார்கள். தலைவர் நல்லவரா இல்லையா என்பதற்கு அதில் இடமில்லை. ஊராட்சியின் வரவு செலவையும் அதே கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

பிறகு தொடர்ந்து போக வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். அங்கே இருவர் இருப்பார்கள். கிராம ஊராட்சி என்று போட்டிருப்பவரைக் கேளுங்கள். அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குப் பேசலாம். திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில், தீர்மானப் பக்கத்தின் நகலோடு மனு கொடுக்கலாம். வெறும் மனுவுக்கும், சபைத் தீர்மானத்தோடு போகும் மனுவுக்கும் வித்தியாசம் உண்டு.

தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசம் போட்டு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. காரணம் எதையும் எழுத வேண்டியதில்லை. எந்தத் தேதிக் கூட்டம், எந்தத் தீர்மானம் என்று மட்டும் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. பதவிக்காலம் ஐந்து வருஷம். தலைவர் மாறினால் பழைய தீர்மானம் நோட்டில்தான் கிடக்கும். அதை எடுத்துப் புதியவரிடம் கொடுப்பது உங்கள் வேலை. என் நகல்களெல்லாம் ஒரு மஞ்சப்பையில், ரேஷன் கார்டோடு இருக்கின்றன.

வேலை தொடங்கிவிட்டால் கட்டுமிடத்தில் போய் நில்லுங்கள். எந்தத் திட்டம், எவ்வளவு பணம் என்ற பலகை வைக்கச் சொல்லுங்கள். மூடுகல் போடும்போது பத்தடிக்கு ஒன்றைக் கழற்றும்படி விடச் சொல்லுங்கள், மண் வார வேண்டுமே. எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீர் ஓடும் சரிவு, அதாவது வாட்டம், பாருங்கள். எங்கள் வாறுகாலில் சிமெண்ட் காய்ந்த மூன்றாம் நாள், மதினி மேல் மூலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். நான் ஓடைப் பக்கம் நின்றேன். தண்ணீர் வேம்பு வரை வந்து நின்றுவிட்டது. ஓவர்சியரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அந்தப் பதினைந்தடியை உடைத்து மறுபடி பூசினார்கள். இரண்டாவது குடம் ஊற்றியபோது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் என் காலடியில் ஓடையில் விழுந்தது.