பெரிய இசைக்குழு என்றதும் டிக்கெட் எடுக்காதீர்கள்

2024 ஜனவரியில் பிரிட்டிஷ் ராக் குழுவான கோல்ட்பிளே சிங்கப்பூரின் காலாங் தேசிய விளையாட்டரங்கில் 6 இரவுகள் வாசித்தார்கள், டிக்கெட் கிடைக்காமல் என் நண்பர்கள் பலர் தவித்தார்கள். அடுத்து யாராவது வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்: ஹிட் பாடல்களை ஒதுக்கிவிட்டு, ஒரு ஆல்பத்தை முழுதாக, எம்ஆர்டி ரயிலில் போகும்போது வீடியோ பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். ஒளிரும் கைப்பட்டையும் வாணவேடிக்கையும் இல்லாமல் அந்த இசை நிற்கிறதா? என் காதுக்கு கோல்ட்பிளேயின் முதல் ஆல்பம், 2000இல் வந்தது, நிற்கிறது. பின்னால் வந்தவற்றில் பல நிற்கவில்லை. அமெரிக்க ராக் குழுவான கிஸ்ஸும் அப்படித்தான், முகப்பூச்சையும் நெருப்பையும் எடுத்துவிட்டால் சாதாரண ராக்தான் மிஞ்சும். அப்புறம் டிரம்ஸைத் தனியாகக் கவனியுங்கள், பாட்டுக்குப் பாட்டு ஒரே அடி என்றால் விட்டுவிடுங்கள். மறுநாளும் கேட்கத் தோன்றினால் சரி, தாராளமாக வாங்குங்கள்.