பாட்டே வராத ஆல்பத்தைக் கேட்பது எப்படி

ஸ்போக்கன் வேர்டும் (பாடாமல் பேசியே நிகழ்த்துவது) எலக்ட்ரானிக் இசையும் கலந்த ஆல்பம் ஒன்றை நண்பர்களுக்கு அனுப்பினால் எனக்கு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார், பின்னால் ஏதோ இரைகிறது, பீட் வருவது போல வந்து நின்றுவிடுகிறது, பல்லவி சரணம் எதையும் காணோம். மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் ஒரு காலத்தில் அப்படி அணைத்தவன்தான். இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இசை இதுதான் என்பதால், இதற்குள் எப்படி நுழைவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை, எந்த ஆல்பத்தையும் தொடுவதற்கு முன்னால். போனில் உங்கள் குரலிலேயே ஒரு சாதாரண வாக்கியத்தைப் பதிவுசெய்யுங்கள். "நாளைக்கு வரும்போது அந்தப் பையை மறக்காம எடுத்துட்டு வா" என்பது மாதிரி எதுவாக இருந்தாலும் சரி, வாசிப்பது போல இல்லாமல் யாரிடமோ பேசுவது போலச் சொல்லுங்கள். அதில் நான்கைந்து சொற்களை மட்டும் வெட்டி, இடைவெளி இல்லாமல் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் போடுங்கள். முதல் ஐந்தாறு தடவை அது வெறும் பேச்சு. பத்தாவது தடவை வாக்கில் 'மறக்காம' கொஞ்சம் மேலே ஏறுவதும் 'எடுத்துட்டு' கீழே இறங்குவதும் காதில் படும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் யாரோ பாடுவது போலவே இருக்கும். பதிவில் ஒன்றுமே மாறவில்லை! டயானா டாய்ச் என்ற இசை உளவியல் ஆய்வாளர் 1995-இல் தன்னுடைய பேச்சையே ஒரு சிடிக்காக எடிட் செய்துகொண்டிருந்தபோது, லூப்பில் ஓடிய ஒரு துண்டு இப்படிப் பாட்டாக மாறியதைக் கவனித்தார். அதைவிட விசேஷம், அதற்கப்புறம் முழுப் பேச்சையும் முதலிலிருந்து போட்டால் மற்றதெல்லாம் பேச்சாகவே போய்க்கொண்டிருக்க, அந்தத் துண்டு வரும் இடத்தில் மட்டும் அவர் சட்டென்று பாடிவிட்டுத் திரும்பவும் பேசுவது போலக் கேட்கும்.

ஒருவர் பேசும்போது நம் கவனம் அர்த்தத்தின் பின்னால் ஓடிவிடுகிறது. குரலின் ஏற்ற இறக்கம், மூச்சு, தாளம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகின்றன. அர்த்தம் தீர்ந்த பிறகுதான் அவை காதில் விழுகின்றன. பேச்சு வெறும் ஒலியாக மாறுகிற நொடி, அப்புறம் அந்த ஒலிக்குள்ளிருந்து அர்த்தம் மறுபடி தலைகாட்டுகிற நொடி, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்த ஆல்பங்களின் சுகம் முழுக்க இருக்கிறது. கீழே நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டு நொடிகளையும் தவறவிடாமல் பிடிப்பதற்கான வழிகள்தான்.

தயாராவது

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. போன் ஸ்பீக்கர் வேண்டாம், அடி பேஸ் அதில் வரவே வராது, பேசுபவரின் காலடியில் உறுமிக்கொண்டிருக்கும் பாதி இசை காணாமல் போய்விடும். ஏதோ ஒரு ஹெட்போன் போதும், விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இடது வலது சரியாக மாட்டுங்கள், இந்த வகை இசையில் எந்தக் காதில் எது வருகிறது என்பதற்கு அர்த்தம் இருக்கும். ஆப்பில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைத்துவிடும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள், ஏனென்றால் பேச்சு முடிந்து அடுத்த டிராக் தொடங்குவதற்கு முன் வரும் மௌனம் பல ஆல்பங்களில் அளந்து வைத்த மௌனம். வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள், முதல் தடவையாவது. பின்னணியில் ஓடவிட்டால் பேச்சு வெறும் தொந்தரவாகத்தான் இருக்கும்.

சின்னதிலிருந்து தொடங்குங்கள்

எடுத்த எடுப்பிலேயே ஒரு மணி நேர ஆல்பத்துக்குள் குதிக்க வேண்டாம். நான் யாருக்கும் முதலில் கொடுப்பது கனடிய இசையமைப்பாளர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1989-இல் செய்த 'கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்'. பத்து நிமிடம்கூட இல்லை. கனடாவின் வான்கூவர் நகரக் கடற்கரையில் பதிவுசெய்த ஒலி ஓடுகிறது, அதன்மேல் அவர் அமைதியாகப் பேசுகிறார். பாறையில் ஒட்டி வாழும் குட்டி உயிரிகளின் சத்தம் இவ்வளவு அருகில் இருந்தும், பின்னால் நகரத்தின் இரைச்சல் அதை அமுக்குகிறது என்கிறார். சொல்லிக்கொண்டே அந்த இரைச்சலைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறார், பிறகு ஃபில்டர் போட்டு அதை நீக்கியே விடுகிறார். எப்படிக் கேட்க வேண்டும் என்று இசையே உட்கார்ந்து சொல்லித்தருகிற மாதிரி ஒரு ஆக்கம் அது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றினால் உங்கள் அறையில் மின்விசிறி தனியாகக் கேட்கும், சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் 'இட்ஸ் கோன்னா ரெயின்', 1965. சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் பைபிளில் வரும் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி ஒரு தெருப் பிரசங்கியார் முழங்கியதைப் பதிவுசெய்து, அதில் ஒரு துண்டை இரண்டு டேப் லூப்புகளாக்கி ஒன்றாக ஓடவிட்டிருக்கிறார். இரண்டு கருவிகளும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது, அதனால் ஒரு குரல் இன்னொன்றிலிருந்து மெல்ல நழுவுகிறது. ஹெட்போன் இடது வலது பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான்: முதலில் நடுமண்டையில் ஒரே ஆளாக நிற்பவர் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பேராகப் பிரிந்து போவார். இரண்டாம் பகுதி கடுமையானது, பயமுறுத்தும். தாங்கவில்லை என்றால் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியரின் 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1969-இல் உருவான இதன் செய்முறை இவ்வளவுதான்: அவர் ஒரு அறையில் உட்கார்ந்து தான் என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சில வாக்கியங்களில் பேசிப் பதிவுசெய்கிறார். அதை அதே அறையில் ஸ்பீக்கரில் போட்டு, அது ஒலிப்பதை மறுபடி பதிவுசெய்கிறார். அந்தப் பதிவைப் போட்டு இன்னொரு பதிவு. இப்படியே போகிறது. ஒவ்வொரு அறைக்கும் தன் நீள அகலத்துக்கு ஏற்ப ஒத்ததிர்வு கொடுக்கும் சில சுருதிகள் உண்டு, குளியலறையில் முணுமுணுத்தால் ஏதோ ஒரு சுருதியில் மட்டும் குரல் கும்மென்று பெருகுமே, அதேதான். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுருதிகள் பெருத்துக்கொண்டே வர, மற்றவை தேய்ந்துபோகின்றன. முதலில் எழுத்தொலிகள் மழுங்கும், பிறகு சொல் எது என்று தெரியாது, கடைசியில் கண்ணாடிக் கிண்ணங்களை யாரோ தூரத்தில் தட்டுவது போன்ற நீண்ட நாதம் மட்டும் மிஞ்சும், பேச்சின் தாளம் மட்டும் அதற்குள் நிழலாக ஓடிக்கொண்டிருக்கும். 1981-இல் வெளிவந்த ஆல்பத்தில் இப்படி 32 சுற்று, மொத்தம் 45 நிமிடம்.

இதைக் கேட்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். இந்தச் சொல் எனக்கு இன்னும் புரிகிறது என்று ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றுக்குச் சுற்று அதையே தேடுங்கள். எந்தச் சுற்றில் அது உங்கள் கையை விட்டுப் போகிறது என்று பாருங்கள். லூசியருக்குத் திக்குவாய் உண்டு. தொடக்கத்தில் அவர் ஓரிடத்தில் தடுமாறுவது தெளிவாகக் கேட்கும், இந்தச் செய்முறை தன் பேச்சின் கரடுமுரடுகளைச் சமன்செய்யும் என்பதை அவர் பேச்சிலேயே சொல்கிறார். அந்தத் தடுமாற்றம் இருபதாவது சுற்றில் என்னவாகிறது என்று மட்டும் கவனித்தால்கூடப் போதும், எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்கேதான் தொண்டை அடைக்கும்.

ஒரு டிராக்கைப் பிரித்துப் பார்ப்பது

இப்போது பாட்டுக்குப் பக்கத்தில் வரும் ஒன்று. அமெரிக்கக் கலைஞர் லோரி ஆண்டர்சனின் 'ஓ சூப்பர்மேன்' 1981-இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது, அடுத்த ஆண்டு 'பிக் சயன்ஸ்' ஆல்பத்தில் சேர்ந்தது. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் இதை மூன்று தடவை கேளுங்கள்.

முதல் தடவை அடியில் ஓடும் 'ஹ' என்ற அசையை மட்டும். அவருடைய குரல்தான், லூப்பில் போட்டது, அதுதான் தாளம். பாடல் முழுக்க அதே சுருதியில் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் வருபவை பெரும்பாலும் இரண்டே இரண்டு கார்டுகள் (சில ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு), ஒன்று மேஜர், ஒன்று மைனர், அந்த 'ஹ' இரண்டுக்கும் பொதுவான ஸ்வரம். மேலே இருப்பது மாற மாற, அதே 'ஹ' ஒரு கணம் சிரிப்பு போலவும் அடுத்த கணம் மூச்சிரைப்பு போலவும் கேட்கும். ஆறுதலா பயமா என்று கடைசி வரை தீர்மானிக்கவே முடியாது.

இரண்டாம் தடவை குரலை மட்டும். யாரும் போனை எடுக்காதபோது பதில் சொல்லிச் செய்தியைப் பதிவுசெய்யும் இயந்திரத்தில் செய்தி விடுகிறார்கள், அதில் ஒரு அம்மாவும் வருகிறார். பேசும் குரல் வோகோடர் வழியாக வந்து மனிதரும் இயந்திரமும் சேர்ந்து பேசுவது போல இருக்கும். வோகோடர் என்பது பேச்சை அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, அந்த அச்சைச் சிந்தசைசர் (மின்னணு இசைக் கருவி) ஒலியின்மேல் பதிக்கும் கருவி. 1930-களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி இதை உருவாக்கியது தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக. தொலைபேசிக்காகப் பிறந்த கருவி, தொலைபேசியில் யாரும் எடுக்காத ஒரு அழைப்பைப் பாடுகிறது. இது தெரிந்த பிறகு அந்த அம்மாவின் குரல் எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

மூன்றாம் தடவை எதையும் தேடாமல் கேளுங்கள்.

மொழி புரியாவிட்டால்

இந்த ஆல்பங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். வேகமான பேச்சு, ஊர் வழக்கு, பாதி புரியாது என்று தயங்குகிறவர்கள் நிறைய. என் அனுபவத்தில் முதல் தடவைக்கு அது ஒரு வசதி. புரியாத மொழியில் குரலின் இசை தடையில்லாமல் உள்ளே வரும், லூப் போட்டு அர்த்தத்தைத் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். முதலில் குரலை மட்டும் கேளுங்கள்: எங்கே மூச்சு வாங்குகிறார், மூச்சொலியை வெட்டாமல் விட்டிருக்கிறார்களா, எக்கோ இல்லாத வறண்ட குரலாகக் காதோரம் பேசுகிறாரா, அல்லது பெரிய மண்டபத்தின் மறுகோடியிலிருந்தா, பீட் குரலைத் துரத்துகிறதா அல்லது குரல் பீட்டைத் துரத்துகிறதா. அடுத்த நாள் வரிகளைப் படித்துக்கொண்டே கேளுங்கள். அப்புறம் தாளை மூடிவைத்துவிட்டு இன்னொரு தடவை. இரண்டாவது தடவையோடு நிறுத்திவிட்டால் உங்களிடம் இருப்பது ஒரு கவிதையும் அதற்குப் பின்னணி இசையும் மட்டும்தான். மூன்றாவதில்தான் இரண்டும் ஒட்டும்.

முழு ஆல்பம்

முதல் முழு ஆல்பத்துக்கு அமெரிக்கக் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரனின் 'ஐ'ம் நியூ ஹியர்' (2010) பொருத்தம், அரை மணி நேரம்கூட இல்லை. அதற்கு முந்தைய ஸ்டூடியோ ஆல்பத்துக்கும் இதற்கும் 16 ஆண்டு இடைவெளி. கரகரத்துப் போன குரல், ரிச்சர்ட் ரஸ்ஸல் தயாரித்த கருமையான எலக்ட்ரானிக் இசை, நடுநடுவே பாட்டுக்கு நடுவில் பேசிக்கொண்டது போன்ற சில நொடித் துண்டுகள். அந்தத் துண்டுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அங்கேதான் மனிதர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். அதே ஆண்டு ஜேமி எக்ஸ்எக்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைத் தயாரிப்பாளர் இந்தக் குரலை எடுத்து வேறு இசையில் வைத்து 'வி'ர் நியூ ஹியர்' என்று ஒரு ஆல்பம் செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே குரலுக்கு இசை என்னவெல்லாம் செய்ய முடியும் என்பது யாரும் விளக்காமலே விளங்கிவிடும்.

கதை வேண்டும் என்பவர்களுக்கு பிரிட்டிஷ் கவிஞர் கே டெம்பெஸ்டின் 'லெட் தெம் ஈட் கேயாஸ்' (2016). லண்டனில் ஒரு தெரு, அதிகாலை 4:18, தூக்கம் வராமல் விழித்திருக்கும் ஏழு பேர். ஒரு டிராக்கைத் தனியாக எடுத்துக் கேட்காதீர்கள், நாவலின் நடுப்பக்கத்தைக் கிழித்துப் படிப்பது போல ஆகிவிடும்.

ஒரு ஆல்பம் மூன்று தடவைக்கப்புறமும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பேசுபவரின் குரலே ஒத்துவரவில்லை என்றால் எந்த உத்தியும் உதவாது, குரல் என்பது அவ்வளவு நெருக்கமான விஷயம். வேறு குரலைத் தேடிப் போகலாம்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்றால் கடைசியாக ஒன்று, இரவில், விளக்கை அணைத்துவிட்டு. 1964-இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பான 'தி டிரீம்ஸ்', நாடக ஆசிரியர் பேரி பெர்மாஞ்சும் மின்னணு இசைக் கலைஞர் டெலியா டார்பிஷரும் செய்தது. சாதாரண மனிதர்கள் தங்கள் கனவுகளைச் சொல்கிறார்கள்: துரத்தப்படுவது, விழுவது, நிலக்காட்சி, நீருக்கடியில், நிறங்கள் என்று ஐந்து பகுதி. வெட்டி ஒட்டிய பேச்சு, திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள், பின்னால் டார்பிஷரின் மின்னணு ஒலிகள். நீருக்கடியில் வரும் பகுதியை முதலில் போடுங்கள்.