டிரா கையோடு ரெய்ஸ்: லிமிட் போக்கரில் பணம் ஒழுகும் இடங்கள்

4-8 டாலர் லிமிட் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; பெட், அதாவது பந்தயம், முதல் இரண்டு சுற்றில் 4, பிறகு 8 என்று நிலையாக இருக்கும் போக்கர்) மேஜைக்குப் புதிதாக வருபவர்கள், ஃப்ளஷ் டிரா (ஒரே இனத்தில் நான்கு சீட்டு இருந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் கை) கிடைத்ததும் யோசிக்காமல் ரெய்ஸ் செய்கிறார்கள், அதாவது பெட்டை உயர்த்துகிறார்கள். ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் பணம் விட்டேன். ஒன்றுமில்லாத கையோடு ரிவர் (கடைசிப் பொதுச்சீட்டு) வரை போவது போன்ற தவறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

காசு தர வந்தவர்களைத் துரத்துவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏஸ், ஆட்டின் 7. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச்சீட்டு) ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, கிளாவர் 9. ஐந்து பேர் ஆட்டத்தில் இருந்தார்கள். அவருக்கு நேர் வலப்பக்கம் இருந்தவர் 4 டாலர் பெட் கட்டினார். இவர் உடனே 8 ஆக்கினார். இவருக்குப் பின் ஆட வேண்டிய மூன்று பேரும் சீட்டைப் போட்டு விலகிவிட்டார்கள். ரிவரில் ஆட்டின் விழுந்தது, ஜெயித்தார், முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் நடுவில் சேர்ந்திருந்த பணம் கொஞ்சம்தான். இந்தத் தவறு நிற்காமல் தொடர்வதற்குக் காரணமே அந்த ஜெயிப்புதான்.

கணக்கு இது. ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிராவுக்கு ஒன்பது சீட்டு உதவும். இரண்டு சீட்டு மீதமிருக்கும்போது அது அமைய சுமார் 35 சதவீத வாய்ப்பு. ரெய்ஸ் செய்து ஒருவரோடு மட்டும் மோதினால், அந்தச் சுற்றில் இருவரும் ஆளுக்கு 8 போட்டு 16 டாலர் சேரும். அதில் உங்கள் பங்கு 5.60, போட்டது 8. வெறும் கால் செய்து (கட்டிய பெட்டுக்குச் சமமாக மட்டும் போட்டு) பின்னால் மூவரும் வந்திருந்தால் 20 டாலர். அதில் உங்கள் பங்கு 7; போட்டது 4.

ஆட்கள் விலகினால் ஏஸ் ஜோடி விழுந்தே ஜெயிக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், உண்மைதான். இழந்த மூன்று பேரின் பணத்துக்கு அது ஈடாகாது.

அதே கை, அதே ஃப்ளாப், ஆனால் நீங்கள் கடைசி ஆள், முதல் ஆள் பெட் கட்டி நடுவில் மூவர் கால் செய்துவிட்டார்கள் என்றால் தாராளமாக ரெய்ஸ் செய்யுங்கள். ஒரு பெட் போட்டவர்கள் இன்னொன்றுக்காகச் சீட்டைப் போடுவது அபூர்வம். ஆக, ரெய்ஸுக்கு முன் பார்க்க வேண்டியது பெட் கட்டியவர் எந்தப் பக்கம், இன்னும் ஆடாதவர்கள் எத்தனை பேர் என்பதை.

இலவச சீட்டுக்கு ஆசைப்படுவது

ஃப்ளாப்பில் ரெய்ஸுக்குக் கூடுதலாக 4 கொடுத்து, டர்னில் (நான்காவது பொதுச்சீட்டு) எல்லோரும் செக் செய்தால் (பெட் கட்டாமல் விட்டால்) 8 மிச்சம். நல்ல உத்திதான், ஆனால் நீங்கள் கடைசி ஆளாக இருக்க வேண்டும். எதிராளி திரும்ப ரெய்ஸ் செய்கிற ரகமாக இருந்தால் செலவு கூடும். டர்னிலும் அவரே பெட் கட்டுவார். நாலு கை அவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு முயலுங்கள்.

போர்டில் ஜோடி

பொதுச்சீட்டிலேயே ஜோடி வந்தால், உங்கள் ஃப்ளஷ் அமைந்தும் ஃபுல் ஹவுஸிடம் (ஒரே மதிப்பில் மூன்றும், இன்னொரு மதிப்பில் இரண்டும்) தோற்கலாம். கால் போதும்.

நடுச்சீட்டுக்குக் காத்திருக்கும் ஸ்ட்ரெயிட்

ஸ்ட்ரெயிட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு) அமைய உதவுவது நான்கே சீட்டு. எத்தனை பேர் இருந்தாலும் லாபத்துக்கென்று ரெய்ஸ் செய்யாதீர்கள்.

டர்னில் வீரம்

ஒரே சீட்டு பாக்கி. பார்க்காத 46-இல் ஒன்பது, 20 சதவீதத்துக்கும் கீழே. பெட்டும் இரட்டிப்பு. எதிராளி சீட்டைப் போடக்கூடியவர் என்றால் மட்டுமே இங்கே ரெய்ஸுக்கு அர்த்தம் உண்டு. எதையும் விடாமல் கால் செய்கிறவரிடம் கால் செய்து, ஃப்ளஷ் அமைந்தபின் ரிவரில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அப்போதும் கொடுப்பார்.