வீட்டுக்குள் தொட்டிச் செடி: புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

வீட்டுக்குள் வைத்த துளசியோ புதினாவோ வாடினால் முதலில் தண்ணீர் ஊற்றுகிறோம், அதற்கும் சரிவரவில்லை என்றால் உரம் போடுகிறோம். வெளிச்சத்தை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. ஆனால் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் நேர் வெயிலில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். விளக்குப் போட்ட அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தாலே பெரிது. நம் கண் பாவையை விரித்துச் சமாளித்துக்கொள்வதால் அறை 'நல்ல வெளிச்சமாக' தெரிகிறது. செடிக்கு அந்த வசதி கிடையாது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, செடி ஜன்னல் பக்கமாகச் சாய்கிறதா? வேகமாக வளர்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், அது வெளிச்சம் தேடி ஓடுகிறது.

வெயில் விழும் ஜன்னல் இல்லையென்றால் எல்இடி விளக்கு போதும். நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடுங்கள். விளக்கைக் கூரையோடு ஒட்டி மாட்டுவதில் பயனில்லை. ஒற்றை பல்பின் தூரம் இரண்டு மடங்கானால் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும். அதற்காக ரொம்பவும் நெருக்கினால் உச்சி இலைகள் வெளுத்துக் கருகும்.

வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். மொட்டைமாடிச் செடிக்கு ஊற்றும் அதே அளவை வீட்டுக்குள் இருப்பதற்கும் ஊற்றினால் மண் காயவே காயாது. வேருக்கும் காற்று வேண்டும். ஈரம் நிரம்பிய மண்ணில் அது மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, எனவே இலை தொங்குகிறது. நாமோ தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். முக்கால்வாசிப் பேர் செடியைப் பறிகொடுப்பது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல், விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். அல்லது தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஈரத் தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள கனம் சில நாளில் கைக்குப் பழகிவிடும். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கருப்பு ஈக்கள் பறந்தால் மேல்மண் காயாமலே கிடக்கிறது என்று அர்த்தம்.

அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பலரும் சொல்லும் யோசனை. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலேயே ஈரம் தேங்கி, வேருக்குக் கிடைக்கும் இடம்தான் குறையும். தோட்டத்து மண்ணை அப்படியே நிரப்புவதும் வேண்டாம், தொட்டிக்குள் அது இறுகிவிடும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தது நன்றாக இருக்கும். சின்ன நாற்றுக்குச் சின்னத் தொட்டி போதும்.

அப்புறம் உரம். மண்புழு உரம் கலந்த புதுக் கலவையில் முதல் சில வாரங்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை. பிறகு போடும்போதும் டப்பாவில் எழுதியிருப்பதில் பாதி அளவில் தொடங்குங்கள். இலை நுனி பழுப்பாகக் கருகினால் மண்ணில் உரத்தின் உப்பு மிஞ்சியிருக்கலாம், உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிடுங்கள். வாடிய செடிக்கு உரம் மருந்து அல்ல.

பறிப்பதிலும் ஒரு தவறு உண்டு. துளசியில் அடியில் உள்ள பெரிய இலைகளாகப் பார்த்துப் பறித்தால் செடி ஒற்றைக் குச்சியாக நிற்கும். உச்சியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள், அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், கூட வைத்ததையெல்லாம் அதன் ஓடுதண்டு நெருக்கிவிடும். கொத்தமல்லியை நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர் அறுபட்டாலும் சூடு கூடினாலும் அது சீக்கிரம் பூத்துவிடும், பூத்த பிறகு இலைக்காகக் காத்திருப்பது வீண். விதையை இரண்டாக உடைத்து நேரடியாகத் தொட்டியிலேயே தூவி, 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை புதிதாக விதைத்துக்கொண்டே வாருங்கள்.