கார், ரேஸ் பொறந்தநாள் காலண்டர் போடறீங்களா? தேதில கோட்டை விட்டுடாதீங்க

ரேஸ் பைத்தியம் முத்திப்போனா "இன்னைக்கு யார் பொறந்தநாள், என்ன நடந்துச்சு"ன்னு காலண்டர் போடத் தோணும். நானும் போட்டேன், பாதி தேதிய அப்புறம் திருத்துனேன்.

மொதல்ல எக்செல்ல மாசம், தேதி, வருஷம் மூணையும் தனித்தனி கட்டத்துல போடுங்க. 29-1-1886ன்னு ஒரே கட்டத்துல அடிச்சா எக்செல் அத தேதியாவே ஒத்துக்காது, அதுக்கு உலகமே 1900லதான் பொறந்துச்சு. தனியா இருந்தா மாசம், தேதி வாரியா வரிசைப்படுத்தறதும் ஈஸி.

அடுத்தது, அந்த தேதில என்ன நடந்துச்சுன்னு கரெக்டா எழுதுங்க. காருக்கு பொறந்தநாள் 1886 ஜனவரி 29ன்னு எல்லாரும் போடுவாங்க, ஆனா அது ஜெர்மன்காரர் கார்ல் பென்ஸ் தன்னோட காரோட பேட்டன்டுக்கு அப்ளை பண்ண நாள், பேட்டன்ட் கெடச்சது அதே வருஷம் நவம்பர் 2, நடுவுல ஜூலை 3 மான்ஹைம் ரோட்டுல ஜனங்க பாக்க ஓட்டிக் காட்டிட்டாரு. மூணுமே போடலாம், எது எதுன்னு மட்டும் குழப்பிடாதீங்க. அதே மாதிரி 1950 மே 13 இங்கிலாந்து சில்வர்ஸ்டோன் டிராக்குல நடந்தது "முதல் ஃபார்முலா ஒன் ரேஸ்" இல்ல, அந்த ரேஸ் முன்னாடியே உண்டு, இது முதல் உலக சாம்பியன்ஷிப் ரேஸ், ஃபரீனா ஜெயிச்சது. நான் மாத்தி எழுதி நல்லா வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

டிரைவர் பொறந்தநாள்ல பெரிய சிக்கல் இல்ல, ஷூமாக்கர் ஜனவரி 3, ஹாமில்டன் ஜனவரி 7, ஃபாஞ்சியோ ஜூன் 24. பிப்ரவரிதான் ஒரே நெரிசல், 22 நிக்கி லாவுடா, 24 ப்ராஸ்ட், அவங்களுக்கு முன்னாடி ஃபெராரி கம்பெனிய ஆரம்பிச்ச என்ஸோ ஃபெராரி. இவருதான் தலைவலி. 1898 பிப்ரவரி 18ல பொறந்தேன், பனி கொட்டுனதால அப்பாவால போய் பதிய முடியல, அதான் 20ன்னு ஆயிடுச்சும்பாரு, ஆனா சர்டிஃபிகேட்ல பொறந்ததே 20, பதிஞ்சது 24ன்னு இருக்கு. நான் 20ல போட்டுட்டு பனி கதைய பக்கத்துல குறிப்பா வச்சிட்டேன்.

ரேஸுக்கு அந்த ஊர் தேதியே போடுங்க. 2023 லாஸ் வேகாஸ் ரேஸ் அங்க நவம்பர் 18 ராத்திரி, நாம பாக்கும்போது 19.

இறந்த நாளுக்கு தனி கலர் குடுங்க, இல்லன்னா அவசரத்துல வாழ்த்து போட்டுடுவீங்க. 1994 மே 1 இத்தாலி இமோலா டிராக்குல டிரைவர் சென்னா இறந்துபோனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முந்தின நாள் ஏப்ரல் 30, அதே டிராக்குல குவாலிஃபையிங்ல (ரேஸ்ல யார் எந்த எடத்துல கெளம்பணும்னு முடிவு பண்ற ஓட்டம்) டிரைவர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்துட்டாரு, பல லிஸ்ட்ல அந்த வரியே இருக்காது, நீங்க சேத்துடுங்க.